பூச்செடியைத்தான் உள்ள விடமாட்டாங்க, தோட்டத்தை விடுவாங்க

கேள்வி: அப்பாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிஞ்சு தனி ரூம்ல வச்சிருக்காங்க, இன்னும் சில வாரம் அங்கதான். ஜன்னல் திறக்காது, எட்டிப் பார்த்தா எதிர் பில்டிங் சுவர்தான் தெரியுது. தொற்று வந்துடும்னு ஒரு பூச்செடி கூட உள்ள விடல. எந்நேரமும் தோட்டத்துலயே கிடந்த மனுஷன், இப்போ போன் பண்ணா ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிடறார். கண்ணுல மாட்டிக்கிட்டு வீடியோவுக்குள்ளயே இருக்கற மாதிரி பார்க்கற விஆர் ஹெட்செட் வாங்கிக் குடுத்தா காடு, அருவின்னு பார்ப்பார்னு தம்பி சொல்றான். நிஜமா உதவுமா?

பதில்: உதவும்ங்க, ஆனா ஹெட்செட்ல ஆரம்பிக்காதீங்க.

நீங்க சொன்ன அந்தச் சுவர் இருக்கே, அதை வச்சே ராஜர் உல்ரிச்ங்கற ஆராய்ச்சியாளர் 1984ல ஒரு ஆய்வு எழுதினார். பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேர்ல பாதிப் பேருக்கு ஜன்னல் வழியா மரம், மீதிப் பேருக்கு செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துட்டு இருந்தவங்க சராசரியா முக்கால் நாள் முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டாங்க, வீரியமான வலி மருந்தும் கம்மியாத்தான் கேட்டாங்க. சரி, அதே காட்சியை ஸ்க்ரீன்ல காட்டினா? 2008ல பீட்டர் கான்ங்கற ஆராய்ச்சியாளரோட டீம் பார்த்தப்போ, எகிறின இதயத் துடிப்பு இறங்கறதுல நிஜ ஜன்னல்தான் ஜெயிச்சுது, ஸ்க்ரீனும் வெறும் சுவரும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அதனால மரம் தெரியற ரூம் காலியா இருந்தா முதல்ல அதைக் கேளுங்க.

அப்போ ஸ்க்ரீன் வேஸ்ட்டான்னா, அதுவும் இல்ல. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல ஸ்னேக் ரிவர் சிறையில தனிமைச் சிறைக் கைதிகளுக்கு காடு, கடல் வீடியோ போட்டுக் காட்டினாங்க, நளினி நட்கர்னிங்கற காட்டியல் ஆராய்ச்சியாளரோட வேலை அது. பார்க்காதவங்களை விட பார்த்தவங்ககிட்ட வன்முறைச் சம்பவம் 26 சதவீதம் குறைவு. வேற எதுவுமே கண்ணுக்குக் கிடைக்காதவங்களுக்கு அதுவே பெரிய விஷயம், உங்க அப்பா நிலைமையும் இப்போதைக்கு அப்படித்தானே.

ஹெட்செட் ஏன் வேணாங்கறேன்னா, கண்ணு நகர்ற மாதிரி பார்க்குது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு நான் அசையவே இல்லையேங்குது, அதுல தலை சுத்தி குமட்டும். கீமோ குமட்டல் ஏற்கனவே இருக்கறவருக்கு இது எதுக்கு? அப்புறம் அந்த முகத்துல படற ஃபோம் இருக்கே, அதைச் சுத்தமா துடைக்கறது தனி வேலை.

ஒரு டேப்லெட் போதும், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு துடைச்சு உள்ள அனுப்புங்க. எங்கயோ இருக்கற அருவி வேணாம், அவர் தோட்டத்தையே எடுங்க. காலையில போனை ஒரு ஸ்டூல் மேல வச்சு பத்து நிமிஷம் ஆடாம ஓட விடுங்க, பின்னணில மியூசிக் போட்டுக் கெடுக்காதீங்க, குருவிச் சத்தமும் பைப் தண்ணிச் சத்தமும் அப்படியே இருக்கட்டும். நாள் முழுக்க ஓட விட்டா அதுவும் சுவர் மாதிரி ஆயிடும், அவர் கேக்கும்போது மட்டும் போடுங்க. சாப்பாடு தூக்கம் ரெண்டும் போயிடுச்சுன்னா வீடியோவை நம்பி உக்காராம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

அந்த ஓரச் செடிக்கு ஏன் தண்ணி ஊத்தலன்னு என்னைக்காவது போன்ல திட்ட ஆரம்பிப்பார் பாருங்க, அன்னைக்கு சட்டுனு வைக்க மாட்டார்.