கிருமி நுழையும் முக்கிய இடம் அந்தக் குழாய் மூட்டுத்தான்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் தோட்ட லயத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வீட்டிலேயே வயிற்று வழியாக டயலிசிஸ் செய்யலாம் என்கிறார்கள். பையிலுள்ள மருந்துத் தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு, கழிவோடு வடித்தெடுப்பதாம். ஒரே காம்பரா, பீலித் தண்ணீர். கிருமி உள்ளே போகாதா? குளிருக்குப் பையைச் சுடுதண்ணீரில் போட்டுச் சூடாக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. பையின் வாய்ப்பகுதியில் தங்கும் ஒரு சொட்டு ஈரம் போதும். சூடோமோனாஸ் என்ற கிருமி தண்ணீரிலேயே வாழ்வது. அது வயிற்றுக்குள் போனால் குழாயையே கழற்ற வேண்டி வரலாம். மேலுறையைப் பிரிக்காமல், ஆஸ்பத்திரியில் காட்டித்தரும் சூட்டு மெத்தை போன்ற உலர் சூட்டில் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடம் கொதித்து ஓரிடம் குளிர்ந்திருக்கும். மேலுறைக்குள் லேசான ஈரம் தெரிவது வழக்கம். பையை அழுத்திப் பாருங்கள். கசிந்தால் ஒதுக்குங்கள்.

இனி முதல் கேள்வி. அந்தக் காலத்தில் பழைய பையின் குழாயைப் பிடுங்கி, அதன் கூர்முனையைப் புதிய பையில் குத்துவார்கள். முனையில் விரல் பட்டால், ஒட்டிய கிருமி 2 லீற்றர் தண்ணீரோடு நேரே வயிற்றுக்குள் போகும். இப்போது வருவது இரட்டைப் பை. புதிய தண்ணீர்ப் பையும் வெறும் வடிபையும் ‘Y’ வடிவக் குழாயால் தொழிற்சாலையிலேயே இணைக்கப்பட்டிருக்கும். அம்மாவின் குழாய் முனையோடு அதைச் சேர்க்கும் ஒரே ஒரு மூட்டுத்தான் உங்கள் கைவேலை.

மூட்டியதும் முதலில் வயிற்றில் உள்ளது வடிபைக்கு இறங்கும். பிறகு அம்மாவின் பக்கத்துக் குழாயை மூடிவிட்டு, 1 முதல் 5 வரை எண்ணும் நேரம் புதிய தண்ணீரை வடிபைக்கே ஓட விடுவீர்கள். மூட்டில் ஒட்டியிருப்பதும் குழாயிலுள்ள காற்றும் அதோடு போய்விடும். அதன் பிறகே வயிற்றை நிரப்புவது. நேரம் மிச்சம் என்று இந்த ஐந்து எண்ணிக்கையை விட்டால், இரட்டைப் பையால் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதி வீண். முடிந்ததும் அயடீன் உள்ள மூடியைப் போடுவீர்கள். ஒருமுறை கழற்றிய மூடி குப்பைக்குத்தான்.

வயிற்றுக் குழாய் சிலிக்கோனால் ஆனது. அதில் டாக்ரன் துணியாலான இரண்டு வளையங்கள் இருக்கும். சதை அவற்றுக்குள் வளர்ந்து பிடித்துக்கொண்டால், தோல் வழியாகக் கிருமி ஊர்ந்து போக இடமில்லை. வெளி வளையம், குழாய் தோலை விட்டு வெளியே வரும் துவாரத்திலிருந்து சுமார் 2 சென்றிமீற்றர் உள்ளே இருக்கும். துவாரம் கீழ்நோக்கி இருந்தால் வியர்வை தேங்காது. சதை பிடிக்கச் சில வாரம் செல்லும். அதுவரை நனையவும் கூடாது, குழாய் இழுபடவும் கூடாது. பாவாடை நாடா கட்டும் இடத்தைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் காட்டி, துவாரம் அதற்கு விலகி வரும்படி குறிக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க நாடா உரசுவதை எந்த வளையமும் தாங்காது. புண் ஆறிய பிறகும் ஆற்றில் முங்கிக் குளிப்பதில்லை; துவாரத்தில் பூசத் தரும் களிம்பை நிறுத்துவதுமில்லை.

ஒரு காம்பரா ஒரு தடையல்ல. பை மாற்றும் அந்த அரைமணி நேரம் கதவு, ஜன்னல், மின்விசிறி எல்லாம் மூடியிருக்கட்டும். உங்கள் இருவர் முகத்திலும் மாஸ்க் இருக்கட்டும். பீலித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவலாம், ஆனால் முழுக்கத் துடைத்து உலர்த்தி, அல்கஹோல் திரவம் தேய்த்த பிறகே மூடியைத் தொட வேண்டும். நாளுக்கு 4 பை என்றால் மாதம் 120, அதாவது 240 லீற்றர். ஓதம் ஏறும் தரையில் அடுக்காமல் பலகை மேல் வையுங்கள்.

முனை எதிலாவது பட்டுவிட்டால் துடைத்துவிட்டுத் தொடராதீர்கள். கிளாம்பை மூடி, புதிய மூடி போட்டு, கிளினிக்குக்குப் போனால் வெளிக்குழாயை மாற்றுவார்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தால் மருந்தும் தருவார்கள். குடலிலிருந்து வரும் கிருமியை மட்டும் எந்தக் கருவியும் தடுக்காது. அதனால் மலச்சிக்கல் ஆகாமல் பாருங்கள்.

வடிந்த பையைப் பத்திரிகை மேல் வைத்து எழுத்தைப் படியுங்கள். கலங்கித் தெரிந்தாலோ வயிறு வலித்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழைத்து, அந்தப் பையையும் கொட்டாமல் கொண்டுபோங்கள். அதில் ஒரு மைக்ரோலீற்றருக்கு 100க்கு மேல் வெள்ளணு இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் தொற்றுத்தான். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கைக் கொடுத்துவிட்டுப் போனால் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம்.