நடைமுறைக் கணக்கு மட்டும் போதாதா, தேற்றமும் சூத்திரமும் எதற்கு?

வாழ்க்கைக்கு உதவும் கணக்கை மட்டும் பள்ளியில் சொல்லித்தந்தால் போதாதா என்பது கேள்வி. போதாது. ஆனால் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவதும் சரியில்லை. முதலில் அளக்க விட வேண்டும். அளவு தப்பும் இடத்தில்தான் கோட்பாடு உள்ளே வர வேண்டும்.

பத்தாம் வகுப்பின் 'உயரங்களும் தொலைவுகளும்' பாடத்தையே பாருங்கள். கோணம் பெரும்பாலும் 30, 45, 60 பாகைதான். விடையில் ரூட் 3 வந்துவிட்டால் கணக்குச் சரி என்று பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். வெளியே ஒரு சுவரின் முன் நிறுத்தி அதன் உயரத்தை அளக்கச் சொன்னால் அந்த மோப்பம் உதவாது.

ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியின் நேர் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டுங்கள். மையப் புள்ளியில் 25 செ.மீ. நூல் கட்டி, நுனியில் இரும்பு நட்டைத் தொங்கவிடுங்கள். லேசான நட்டு என்றால் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். ஒருவர் ஸ்ட்ரா வழியே சுவரின் உச்சியைப் பார்க்க, நூல் நிற்கும் இடத்தை மற்றவர் படிக்க வேண்டும். பார்ப்பவரே படிக்கப் போனால் கை அசைந்துவிடும்.

முதல் தப்பு இங்கேயே நடக்கும். ஸ்ட்ரா கிடைமட்டமாக இருக்கும்போது நூல் 90-இல் நிற்கும். எனவே நூல் 60-ஐக் காட்டினால் ஏற்றக் கோணம், அதாவது கிடைமட்டத்திலிருந்து பார்வை மேலே உயரும் கோணம், 30. தூரத்தை இந்தக் கோணத்தின் டேன் (tan) மதிப்பால் பெருக்கினால் கண்மட்டத்துக்கு மேலான உயரம் வரும். கோணத்தை 60 என்றே எடுத்துக்கொண்டால், 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 5.77 மீட்டருக்குப் பதில் 17.32 வரும், சரியாக மூன்று மடங்கு. அடுத்தது, கண்மட்ட உயரத்தைக் கூட்ட மறப்பது. சாய்ந்த தென்னையை முதல் நாளே கொடுக்காதீர்கள். தூரத்தை அடிமரத்திலிருந்து அளப்பதா, உச்சிக்கு நேர்கீழே இருந்து அளப்பதா என்ற குழப்பம் வந்துவிடும்.

இனிதான் முக்கியமான கட்டம். கண்மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயரும் ஒரு சுவரை மூன்று குழுக்கள் 3, 10, 20 மீட்டர் தூரங்களில் நின்று அளக்கட்டும். மூவருமே கோணத்தை ஒரு பாகை கூடுதலாகப் படித்துவிட்டால் என்ன ஆகும்? 3 மீட்டரில் நின்றவருக்கு உயரம் 67 செ.மீ. கூடிவிடும், 20 மீட்டரில் 44 செ.மீ., 10 மீட்டரில் 36 செ.மீ. மட்டும். கிட்டே போனாலும் பிழை பெருகுகிறது, தள்ளிப் போனாலும் பெருகுகிறது. ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். டேன் வளைவரையை அப்போது வரைந்து காட்டுங்கள். 45 பாகைக்கு மேல் அது எப்படிச் செங்குத்தாக ஏறுகிறது என்பது கண்ணில் படும். தூரம் கூடினால் அதே பிழையை அந்தத் தூரத்தால் பெருக்க வேண்டியிருக்கும் என்பதும் புரியும். ஏற்றக் கோணம் 45-க்குப் பக்கத்தில் வரும்படி நிற்பது ஏன் நல்லது என்பதற்கு, எத்தனை சுவர்களை அளந்தாலும் அளவுநாடா காரணம் சொல்லாது.

வெறும் செய்முறை இன்னோரிடத்திலும் கைவிடும். குளத்துக்கு நடுவே ஒரு மண்டபம் இருக்கிறது, அடிவரை நடந்து அளக்க வழியில்லை என்று வையுங்கள். கரையில் ஓரிடத்தில் கோணம் 45. மண்டபத்துக்கு நேர் எதிராக 10 மீட்டர் பின்னே வந்தால் 30. உயரம் எச் என்றால் முதல் இடத்திலிருந்து தூரமும் எச், இரண்டாம் இடத்திலிருந்து 1.732 எச். வித்தியாசம் 10 மீட்டர். ஆக எச் 13.66 மீட்டர், அதோடு கண்மட்ட உயரம்.