கலுங்கும் கிணறும்

அன்புள்ள ஐயா,

டெல்டாவில் புதிய எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை சரிதான் என்று எழுதியிருந்தீர்கள். நெதர்லாந்துக்காரர்கள் குரோனிங்கன் எரிவாயு வயலை மூடிவிட்டுக் கப்பலில் வரும் வாயுவை வாங்குகிறார்கள். தடை போட்டால் இங்கும் உற்பத்தி சரியத்தான் செய்யும். உங்கள் வீட்டு அடுப்பு மட்டும் எரிய வேண்டுமா?

– சொ., தேவகோட்டை

அன்புள்ள சொ.,

அடுப்பை முதலில் முடித்துவிடுகிறேன். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். டெல்டாக் கிணறுகளில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஆனாலும் உங்கள் குத்தல் பட வேண்டிய இடத்தில்தான் பட்டது. நாடு எரிக்கும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. எண்ணூரில் 2019 முதல் கப்பலிலிருந்து இறக்குகிறார்கள். யாருடைய ஊரையோ தோண்டி எடுத்ததுதான் அது.

குரோனிங்கனை நீங்கள் தடையின் கதையாகச் சொல்கிறீர்கள். 1959-இல் கண்டுபிடித்தார்கள். இருந்ததில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எடுத்துத் தீர்த்த பிறகு, 2023 அக்டோபரில்தான் உற்பத்தியை நிறுத்தினார்கள். வாயு போனதும் மூன்று கிலோமீட்டர் ஆழத்து மணற்கல் அழுத்தம் இழந்து நசுங்கியது. 2012-இல் 3.6 அளவில் நிலம் ஆடியது. ஆயிரக்கணக்கான வீடுகளில் விரிசல். வயலின் நடுவில் தரை சுமார் ஓரடி இறங்கிவிட்டது. அவர்கள் தேங்கும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துக்கொள்வார்கள். நம் கண்மாய் நிறைந்து, கலுங்கு என்ற உபரிநீர்ப் போக்கி வழிந்து, அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போவதெல்லாம் வெறும் வாட்டத்தை, அதாவது நிலத்தின் சாய்வை நம்பித்தான். (நம் பக்கத்து எரிவாயு வயல்கள் மிகச் சிறியவை. ஓரடி இறங்கும் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன்.)

உற்பத்திச் சரிவுக்குத் தடை காரணம் என்பது இங்கே பொருந்தாது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய கிணறுகளைத் தடுத்த 2020 சட்டம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளைத் தொடவில்லை. பழைய கிணறு தானே வற்றும்.

என் குறை வேறு. அந்தச் சட்டத்துக்குள் அறந்தாங்கி உண்டு, ஆவுடையார்கோவில் உண்டு, மணமேல்குடி உண்டு. திருமயம் இல்லை, காரைக்குடி இல்லை, உங்கள் தேவகோட்டையும் இல்லை. 2025-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. நல்லதுதான். ஆனால் அது ஓர் அரசு எடுத்த முடிவு. டெல்டாவுக்கு இருப்பதுபோல் நமக்குச் சட்டம் கிடையாது.

மழைக்கு முன் ஒருநாள் உங்கள் ஊர்க் கலுங்கில் போய் நின்று பாருங்கள். அங்கிருந்து அடுத்த கண்மாய்க்கு வாட்டம் எத்தனை அங்குலம் என்று தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.