கான்கூன் டிக்கெட் போடுவதற்கு முன்னால்

கேள்வி: அக்கா, நான் அமெரிக்காவில் எம்.எஸ். முதல் வருடம் படிக்கிறேன். மார்ச்சில் ஒரு வாரம் ஸ்பிரிங் பிரேக். கூடத் தங்கியிருக்கும் மூன்று பேரும் மெக்சிகோவில் கான்கூன் என்ற கடற்கரை ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்று நிற்கிறார்கள். ஒருத்தி இங்கேயே பிறந்தவள், ஒருத்தி தென்கொரியா, இன்னொருத்தி இந்தியாதான். இளங்கலை படிக்கும்போதே இங்கே வந்தவள், அவள் விசா போன வருடமே முடிந்துவிட்டது. 30 நாளுக்குள் திரும்பிவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறாள். ஆளுக்கு 1,200 டாலர் ஆகுமாம். எனக்கும் ஆசைதான். ஆனால் கல்விக்கடனில் படிக்கிறேன். அப்பாவிடம் கேட்டால் விடமாட்டார். சொல்லாமல் போய்விட்டு வந்தால் தப்பா? வரவில்லை என்று சொன்னால் இவர்கள் என்னை ஒதுக்கிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, நீ கேட்டது அப்பாவைப் பற்றி. நான் முதலில் பேசப்போவது உன் தோழியின் விசாவைப் பற்றி. அதற்குத்தான் அவசரம், யாராவது டிக்கெட் போட்டுத் தொலைப்பதற்குள் அவளிடம் நீ சொல்லியாக வேண்டும்.

அவள் சொல்லும் 30 நாள் விதி பொய்யில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் போய் 30 நாளுக்குள் திரும்பினால், அமெரிக்க விசா காலாவதியாகியிருந்தாலும், ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) எல்லாம் ஒழுங்காக இருந்தால் உள்ளே விடுகிற சலுகை ஒன்று இருக்கிறது. ஆனால் அது திரும்பி வருவதற்கான விதி. முதலில் மெக்சிகோ உள்ளே விட வேண்டுமே! இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு மெக்சிகோ விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் அது தேவையில்லை என்று மெக்சிகோ தளர்த்தி வைத்திருக்கிறது, முடிந்துபோன விசாவுக்கு அந்தத் தளர்வு கிடையாது. ஆக அவளுக்குத் திரும்பி வர வழி இருக்கிறது, போகத்தான் வழியில்லை. மெக்சிகோ தூதரகத்தில் தனியாக விசா வாங்கினால் போகலாம், இல்லாவிட்டால் நீங்கள் மூன்று பேரும் போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு நிற்க, அவளை மட்டும் விமான நிலைய கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மெக்சிகோவில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்திலேயே புது அமெரிக்க விசா குத்திக்கொண்டு (ஸ்டாம்பிங்) வரலாம் என்று யாராவது சீனியர் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். அது பழைய கதை. 2025 செப்டம்பரிலிருந்து சுற்றுலா, மாணவர் மாதிரியான விசாக்களுக்கு அவரவர் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. இன்னொன்று, அங்கே போய்ப் புது விசாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டால் அந்த 30 நாள் சலுகையும் கைவிட்டுப் போய்விடும். அப்புறம் அவள் படிப்பு என்னாவது?

இப்போது நீ. உன் விசா புதுசு என்று நினைக்கிறேன், அதனால் மெக்சிகோ போவதில் சிக்கல் இருக்காது. இருந்தாலும் பாஸ்போர்ட்டை எடுத்து விசா தேதியையும், பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடு. அப்புறம் ஐ-20-இன் இரண்டாம் பக்கத்தைத் திருப்பு. பயண ஒப்புதல் கையெழுத்துக்கு அங்கே இடம் இருக்கும். முதல் வருடப் பிள்ளைகள் பலருக்கு அது காலியாகத்தான் கிடக்கும், ஏனென்றால் முதல்முறை வரும்போது அதை யாரும் கேட்பதில்லை. வெளியே போய்த் திரும்புவதற்கு அது வேண்டும். உன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் போடுவார்கள், படிக்கும் காலத்தில் ஒரு கையெழுத்து 12 மாதம் செல்லும். ஸ்பிரிங் பிரேக் நெருங்கினால் எல்லோரும் அங்கேதான் வரிசை கட்டுவார்கள், அதனால் இந்த வாரமே போ. போனால் மெக்சிகோ விதியையும் கேட்டு உறுதி செய்துகொள், மெக்சிகோ தூதரகத்தின் இணையதளத்திலும் பார். இதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், என் பேச்சை மட்டும் நம்பி 1,200 டாலரைக் கொட்டாதே. அந்தக் கொரியப் பெண்ணுக்கு மெக்சிகோ போக விசாவே வேண்டாம், ஆனால் திரும்பி வர அவளுக்கும் இதே கையெழுத்து வேண்டும், சொல்லிவை. அமெரிக்கப் பெண் பாஸ்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போய்வருவாள். அவளுக்கு இது ஒரு வார ஜாலி. உங்கள் மூன்று பேருக்கும் இது நாட்டைவிட்டு வெளியே போய் மறுபடி உள்ளே நுழைவது. வாட்ஸாப் குரூப்பில் 'லெட்ஸ் கோ' என்று போடுகிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, அது அவள் தப்பும் இல்லை.

பணம். கேம்பஸில் வேலை பார்க்கிறாயா? பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. மணிக்கு 15 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் 1,200 டாலர் என்பது 80 மணி நேரம், அதாவது முழுசாக நான்கு வாரச் சம்பளம், வரி பிடிப்பதற்கு முன்னால். அந்தப் பணம் உன் கையில் சேர்ந்திருக்கிறது, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் என்றால் போய்வா, யாரும் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. கடன் பணத்திலிருந்து எடுப்பதாக இருந்தால் போகாதே. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை, அந்த வட்டி நீ கடற்கரையில் படுத்திருக்கும்போதும் ஓடும். அதோடு இவர்கள் சொல்லும் 1,200 என்பது விமானமும் ஹோட்டலும் மட்டும்தானா என்று கேள். பெட்டிக்குத் தனிக் கட்டணம், விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு வண்டி, சீசென் இட்சா என்ற பழைய மாயன் நகரத்துக்கு ஒரு நாள் டூர் (போக மட்டும் இரண்டரை மணி நேரம்) என்று ஒவ்வொன்றாக ஏறும். பல கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3 சதவீதம் வரை பிடிக்கும். ஏடிஎம்மிலோ கடையிலோ 'டாலரா பெசோவா' என்று கேட்டால் பெசோ (மெக்சிகோ நாணயம்) என்று சொல், டாலர் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

இன்னொரு விஷயம் கையோடு சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு, பயணத்துக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடமே நேரடியாக டிக்கெட் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம், அல்லது பணம் கட்டாமல் அந்த விலையைப் பிடித்து வைக்கலாம். மூன்றாம் ஆளின் தளத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டால் இந்த உரிமை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இன்ஷூரன்ஸையும் பார். மாணவர் இன்ஷூரன்ஸ் மெக்சிகோவில் செல்லுமா என்று ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடு, அங்கே தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் முன்பணம் கட்டினால்தான் கையே வைப்பார்கள்.

சரி, அப்பா. சொல்லாமல் போவது தப்பா என்று கேட்டால், பாவமா புண்ணியமா என்ற கணக்குக்கு நான் வரவில்லை. நடக்காது என்பதுதான் என் பதில். பனி கொட்டும் ஊரில் இருக்கிற பெண் கான்கூன் வெயிலில் நான்கு நாள் நின்றுவிட்டு வீடியோ காலில் வந்தால் "ஏன்டி இப்படிக் கறுத்துப்போய்ட்டே?" என்று அம்மா கேட்காமல் விடுவாரா? அது கிடக்கட்டும். அங்கே உனக்குக் காய்ச்சலோ, போன் தொலைந்துபோவதோ நடந்து இரண்டு நாள் பேச்சே இல்லாமல் இருந்தால், நீ அமெரிக்காவில்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? அதனால் சொல்லிவிட்டுப் போ. ஆனால் "போகட்டுமாப்பா?" என்று அழுகிற குரலில் கேட்காதே, அப்படிக் கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஐ-20 கையெழுத்து வாங்கியாயிற்று, சம்பளத்தில் சேர்த்த பணம், இன்ன தேதி போய் இன்ன தேதி வருகிறோம், ஹோட்டல் பெயர் இது, கூட வருகிறவர்களின் நம்பர் இது என்று எல்லாம் கையில் வைத்துக்கொண்டு சொல். கத்துவார். கத்தட்டும், இரண்டாம் நாள் மறுபடி பேசு. முதலில் அம்மாவிடம் சொல்லி அம்மா வழியாக அவர் காதில் போடுவதும் ஒரு வழிதான், உன் வீட்டு நிலவரம் உனக்குத்தான் தெரியும்.

இந்தச் சிநேகிதிகள் ஒதுக்கிவிடுவார்களோ என்கிறாயே. "என்னால் 600 டாலருக்கு மேல் முடியாது" என்று ஒரு எண்ணைச் சொல்லிப் பார்த்தாயா? "பார்க்கலாம், யோசிக்கிறேன்" என்று இழுத்தால் அவர்கள் உன் பங்கையும் சேர்த்து ஹோட்டல் போட்டுவிடுவார்கள், பிறகு நீ விலகினால் மனஸ்தாபம் நிஜமாகவே வரும். தொகையைச் சொல்லும்போது கூடவே புவேர்ட்டோ ரிக்கோவையும் சொல். அது அமெரிக்கப் பகுதி, பெருநிலத்திலிருந்து நேரே போய் நேரே வந்தால் உள்நாட்டுப் பயணம்தான், விசா முடிந்த தோழியும் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு வரலாம். அங்கேயும் கரீபியன் கடல் இருக்கிறது, எல் யுன்கே மழைக்காடு இருக்கிறது, வியெகெஸ் தீவில் இருட்டில் கையை விட்டால் தண்ணீரே ஒளிரும் விரிகுடா இருக்கிறது. அவளை விட்டுவிட்டு நாம் மூன்று பேர் போவதா என்று நீ கேட்கும்போது, யார் யாரை ஒதுக்குகிறார்கள் என்பது உனக்கே தெரிந்துவிடும்.

மெக்சிகோதான் என்று முடிவானால், கிளம்பும் அன்று எல்லோருடைய பைகளையும் கொட்டிப் பாருங்கள். சில மாநிலங்களில் கடையிலேயே விற்கிற கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாயை யாராவது மறந்து பையில் வைத்திருப்பார்கள். மாநிலத்தில் சட்டப்படி சரி என்றாலும் மத்திய சட்டத்தில் அது குற்றம், எல்லையில் சோதிப்பது மத்திய அதிகாரிகள், அமெரிக்கப் பிரஜை இல்லாத உனக்கு அதனால் திரும்பி நுழைவதே சிக்கலாகிவிடும். வேப் கருவியை (மின்-சிகரெட்) மெக்சிகோவுக்குள் கொண்டுபோகவே கூடாது. அங்கே 18 வயதிலேயே மது வாங்கலாம், குடிப்பதும் குடிக்காததும் உன் இஷ்டம், ஆனால் கண்ணெதிரே திறக்காத எதையும் வாங்காதே. மருந்துக்கடையில் சில்லறையாகத் தரும் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், ஃபென்டனில் என்ற உயிர்குடிக்கும் போதைமருந்து கலந்த போலி மாத்திரைகள் பற்றி அமெரிக்க வெளியுறவுத் துறையே எச்சரித்திருக்கிறது. கடற்கரையில் சிவப்போ கறுப்போ கொடி பறந்தால் நீச்சல் தெரிந்தவளும் இறங்கக் கூடாது.

போட்டோவைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பாய். இன்ஸ்டாகிராமில் யார் டேக் செய்தாலும் நீ ஒப்புக்கொண்ட பிறகுதான் உன் பக்கத்தில் வர வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, விமானம் ஏறுவதற்கு முன்னால் அதைப் போட்டுவிடு. பெரியப்பா மகன் உன்னைப் பின்தொடர்கிறான்தானே?