கோழிக் கூண்டுக்குத் தானியங்கிக் கதவு: நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஈரோடு பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. 22 நாட்டுக்கோழிகள் இருந்தன. போன மாதம் இருட்டிய பிறகு, நாங்கள் வருவதற்குள், திறந்து கிடந்த கூண்டுக்குள் நாய்கள் புகுந்து ஆறு கோழிகளைக் கொன்றுவிட்டன. தானாகத் திறந்து மூடும் கதவு என்று விற்கிறார்களே, அது நம்பகமானதா? கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பதில்: உங்கள் விஷயத்தில் தகும். இதையே சாயங்காலம் வீட்டில் ஆள் இருக்கிற ஒருவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் கோழி அடைகிற நேரத்துக்கு ஒரு நடை போய்க் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு வர ஒரு நிமிஷம் ஆகுமா, அதற்கு எதற்குப் பல ஆயிரம் ரூபாய். உங்களுக்கோ பொழுது சாய்ந்ததிலிருந்து நீங்கள் வந்து சேரும் வரைக்குமான அந்த ஒன்றரை மணி நேரம்தான் சிக்கல். கோழி நன்றாகவே நிறம் பார்க்கும், ஆனால் அதன் கண் பகலுக்கானது. இருட்டிவிட்டால் குச்சியில் ஏறி உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கும், நாய் உள்ளே வந்தாலும் எந்தப் பக்கம் தப்புவது என்று தெரியாது. ஒரே நேரத்தில் ஆறு செத்ததற்குக் காரணம் அதுதான்.

வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கதவு இரவில் வருவதைத்தான் தடுக்கும்: நாய், காட்டுப்பூனை, மரநாய், நரி, பெருச்சாளி. கீரிப்பிள்ளை பட்டப்பகலில் வேட்டையாடுகிற ஜாதி, காலை பத்து மணிக்கு வேலியோரம் வந்து குஞ்சைக் கவ்விக்கொண்டு போகும், அப்போது உங்கள் கதவு திறந்துதான் இருக்கும். பருந்தும் வல்லூறும் அப்படியே. அப்புறம் கூண்டின் சுவரைப் பாருங்கள். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலையாக இருந்தால் நாய் பல்லால் பிடித்து இழுத்ததும் முறுக்கு பிரிந்து வழி விட்டுவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை) அடித்துவிட்டுத்தான் கதவைப் பற்றி யோசிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலில் பூட்டும் பக்கத்தில் ஓட்டையுமாக இருக்கும்.

சரி, கதவுக்கு வருவோம். கடையில் கிடைப்பவற்றில் சில வெளிச்சத்தைப் பார்த்து இயங்கும், சில கடிகாரத்தைப் பார்த்து, சில இரண்டையும் சேர்த்து. பேர்பெற்ற கதவுகளில் பல இங்கிலாந்து, ஜெர்மனி மாதிரி நாடுகளில் உருவானவை. லண்டனில் டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறையும், ஜூனில் இரவு 9.20 ஆகும். வருஷத்துக்குள் ஐந்தரை மணி நேரம் மாறுகிற ஊரில் கடிகாரத்தை நம்பிப் பிழைக்க முடியாது, அதனால் அங்கே வெளிச்ச சென்சார் அவசியமாகிவிட்டது. ஈரோட்டில் நவம்பர் நடுவில் சூரிய மறைவு சுமார் 5.52, ஜூலையில் 6.48. ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. நமக்கு டைமரே போதும், போதும் என்பதைவிட அதுதான் நல்லது என்பேன்.

காரணம் ஐப்பசி மழை. சாயங்காலம் நாலரைக்கு மேகம் கவிந்து கரேலென்று ஆகிவிட்டால் வெளிச்ச சென்சார் பொழுது போய்விட்டது என்று நினைத்துக் கதவை மூடிவிடும், கோழிகள் கொட்டுகிற மழையில் கூண்டைச் சுற்றிச் சுற்றி வரும். நல்ல சென்சார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கும், ஆனால் நம்முடைய மழை மேகம் அந்தப் பொறுமையையும் தாண்டி நிற்கும். எனக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. முதலில் வாங்கிய கதவு வெளிச்சத்தில் இயங்குவது, மூன்றாவது மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் பார்த்தால் கதவு மூடிக் கிடக்கிறது, பாதிக் கோழி வெளியே, முட்டை வைக்க வந்த ஒரு வெடக்கோழி கதவு முன்னால் நின்று கத்திக்கொண்டிருக்கிறது. மோட்டாரைக் கழற்றினேன், பேட்டரியை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பார்த்தால் சென்சார் இருந்த சுண்டுவிரல் அளவுக் குழியில் குளவி ஈரமண்ணைக் கொண்டுவந்து அப்பிக் கூடு கட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்த உடனே கதவு தானாக மேலே ஏறியது.

டைமரை வருஷத்துக்கு நான்கு முறை மாற்றினால் போதும். மே முதல் ஆகஸ்ட் வரை மாலை 7.15, அக்டோபர் முதல் டிசம்பர் வரை 6.35, மற்ற மாதங்களில் 6.55. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் நம் பக்கம் இருட்டிவிடும், அதற்குள் கோழிகள் அடைந்துவிடும். காலையில் திறப்பதை எட்டு மணிக்கு வையுங்கள். விடிந்ததும் திறக்க வேண்டாம், அந்தக் கருக்கலில்தான் தெரு நாய்கள் இரவுச் சுற்றை முடித்துக்கொண்டு திரும்பும். இன்னொரு லாபமும் உண்டு: கோழி பெரும்பாலும் முற்பகலில்தான் முட்டை வைக்கும், எட்டு வரை உள்ளே இருந்தால் வேலிப்புதரில் போய் வைக்கிற முட்டைகளில் கொஞ்சமாவது உங்கள் கூடைக்கு வரும்.

இனி நம்பகம். மோட்டாரும் டைமரும் அவ்வளவு சுலபத்தில் கெடுவதில்லை, கெடுவது அதைச் சுற்றியுள்ள அற்ப விஷயங்கள்தான். கதவு ஓடும் கீழ்ப்பள்ளத்தில் உமியும் எச்சமும் சேர்ந்து இறுகிவிடும், இரண்டு விரல்கடை இடைவெளி விட்டுக் கதவு நின்றுவிடும், பெருச்சாளிக்கு அதுவே தாராளம். ஆகவே கீழே பள்ளம் இல்லாமல் மேலிருந்து இறங்கும் கதவாகவும், வாசல் கூண்டின் தரையிலிருந்து நாலு அங்குலம் உயரத்தில் இருப்பதாகவும் பாருங்கள். பிளைவுட் கதவு மழையில் ஊதிப் பிடித்துக்கொள்ளும், அலுமினியத் தகடுதான் சரி. பெருவிடைச் சேவல் இருந்தால் வாசல் உயரம் ஒன்றேகால் அடியாவது வேண்டும், இறக்குமதிக் கதவுகளில் பல அதைவிடக் குட்டை. பேட்டரி தீரும்போது கதவு இருந்த நிலையிலேயே நின்றுவிடும், திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி.

அந்த ‘மூடியபடி’தான் நம் ஊரில் மோசம், குளிர்நாட்டு விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். சித்திரை வெயிலில் தகரக்கூரைக் கூண்டில் 16 கோழி அடைபட்டுக் கிடந்தால், நீங்கள் காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்கு வந்து திறக்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும், அதற்குத் தண்ணீர் வேண்டும். அதனால் கூண்டுக்குள் எப்போதும் தண்ணீர், இரண்டு பக்கமும் காற்றுப் போகிற வலை, கூரைமேல் கீற்று. திறக்கும் நேரம் எட்டு என்று வைத்தால் கிளம்பும்முன் திறந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம், இந்த நேரத்தை நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

செலவு: வெளிநாட்டுக் கதவு வரி, அனுப்பும் கூலி எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தை எளிதில் தாண்டும், கெட்டால் பழுது பார்க்க ஆள் இல்லை. நான் இப்போது வைத்திருப்பது உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டு செய்தது. 12 வோல்ட் ஆக்சுவேட்டர் (ஒரு தண்டை நீட்டியும் இழுத்தும் வேலை செய்யும் மோட்டார்), டிஜிட்டல் டைமர், மோட்டாரை இருபக்கமும் திருப்புவதற்கு ஒரு ரிலே, 7 ஆம்பியர்-மணி பேட்டரி, 10 வாட் சோலார் தகடு, கதவுத் தகடு எல்லாமாகச் சுமார் ஆறாயிரம் ரூபாய். வீட்டு கரண்டில் நேராக மாட்ட வேண்டாம், கரண்ட் போகிற நேரமும் கோழி அடைகிற நேரமும் ஒன்றாகவே வந்து தொலைக்கும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, கவனியுங்கள். ஆக்சுவேட்டர் நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் தரக்கூடியது, நடுவில் கோழி நின்றால் அதற்குத் தெரியாது. கதவைத் தண்டோடு போல்ட் போட்டு இணைக்காதீர்கள், மெல்லிய கம்பிவடத்தால் தொங்கவிடுங்கள். தூக்கும்போது மோட்டார் தூக்கும், இறங்கும்போது கதவின் சொந்த எடைதான் இறங்கும், கோழி முதுகில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மூடியபின் நாய் நகத்தால் கிளப்பாமல் இருக்க, வாசலின் கீழ்ச் சட்டத்துக்கு வெளிப்புறமாக ஒரு அங்குல உயரப் பட்டையை அடித்து, கதவின் அடி அதற்குப் பின்னால் இறங்கும்படி வையுங்கள். கடைக்கதவு வாங்கினால் தடை இருந்தால் நின்று திரும்பும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டதோடு விடாமல் வாசலில் ஒரு சுரைக்காயை வைத்து மூடவிட்டுப் பாருங்கள். தடை பட்டதும் ஏறிச் சற்று நேரம் கழித்து மறுபடி மூட முயல்வது நல்ல கதவு. ஒரு முறை ஏறிவிட்டு ராத்திரி முழுக்கத் திறந்தே கிடப்பதும் உண்டு, அது உங்களுக்கு ஆகாது.

மாட்டிய முதல் வாரம் விடுமுறை நாட்களாகப் பார்த்து மாட்டுங்கள், அந்த ஒரு வாரம் நீங்கள் அருகில் நின்றே ஆக வேண்டும். முருங்கை மரத்தில் ஏறிப் படுக்கிற கோழிகள் கதவைக் கண்டுகொள்ளவே மாட்டா, அவற்றை நாலைந்து நாள் கூண்டிலேயே அடைத்து வைத்துப் பழக்குங்கள். உள்ளே மங்கலாக ஒரு சிறு பல்பு அரை மணி நேரம் எரிந்தால் புதுக்கோழிகள் வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே வரும். கடைசியாக வருவது பெரும்பாலும் மற்றவை கொத்தி விரட்டுகிற சின்ன வெடைதான், கதவு மூடியதும் வெளியே மாட்டுவதும் அதுதான். குச்சியில் ஒரு கோழிக்கு முக்கால் அடி வீதம் இடம் இருந்தால் இந்தத் தள்ளுமுள்ளு குறையும்.

கதவு எத்தனை உள்ளே இருக்கிறது என்று பார்க்காது, மணியானால் மூடும், அவ்வளவுதான். எட்டு மணிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் டார்ச்சோடு போய் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் கூண்டின் கூரைமேல், வாசலுக்குப் பக்கத்துச் சுவரோரம், பிறகு முருங்கை என்று தேடுங்கள், இருட்டில் அது கையை விட்டு ஓடாது. மாதம் ஒரு முறை கதவு ஓடும் இடத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், எண்ணெய் மட்டும் விடாதீர்கள், உமி அதில்தான் ஒட்டும்.