கரையாத நூலும் கரையும் படலமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கையில் பட்ட வெட்டுக்காயத்துக்குப் பட்டு நூலால் தையல் போட்டார்கள். கரையாத நூல் என்று சொல்லிப் பத்தாம் நாள் பிரித்தும் எடுத்தார்கள். ஆனால் பட்டுப் படலத்தைப் புண்ணில் வைத்தால் அது தானே கரைந்துவிடும் என்று படித்தேன். எது சரி? சர்க்கரை நோயுள்ள என் அப்பாவின் காலில் ஆறாத புண் இருக்கிறது. அவருக்கு இது உதவுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே சரிதான். 'கரையாத' என்பது தையல் நூல்களை வகை பிரிக்க வைத்த பெயர். பட்டு நூலை உள்ளேயே விட்டால் ஓராண்டுக்குள் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். அப்புறம் உடலின் நொதிகள் மெல்ல அரித்துவிடும்.

இவ்வளவு தாமதம் ஏன்? பட்டின் உள்நாரான ஃபைப்ரோயின் ஒரு புரதம். கிளைசின், அலனின், செரின் என்ற அமினோ அமிலங்கள் அதில் திரும்பத் திரும்ப வருவதால், சங்கிலிகள் தாள் தாளாக நெருங்கி அடுக்கிப் படிகமாகிவிடுகின்றன. நொதி நுழைய இடமில்லை. படலம் செய்பவர்கள் முதலில் அந்தப் படிகத்தைக் குலைக்கிறார்கள். பட்டுப்புழுவின் கூட்டைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்து, நாரைச் சுற்றியுள்ள பசையை நீக்கி, நாரை லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, பிறகு உப்பை வெளியேற்றுகிறார்கள். மிஞ்சுவது தண்ணீரில் கரைந்த புரதம். அதைப் படலமாகவோ பஞ்சாகவோ ஜெல்லாகவோ ஆக்கலாம். மெத்தனாலில் நனைத்தால் படிகம் கூடும், மெதுவாகத்தான் கரையும். நீராவியில் பதப்படுத்தினால் படிகத்தின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். கரையும் வேகத்தை நம் கைக்குள் கொண்டுவரும் இந்த வசதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீக்கிய பசைக்குச் செரிசின் என்று பெயர். கூட்டின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு. பட்டுத் தையலால் வரும் ஒவ்வாமைக்கு வெகுகாலம் அதன்மேல்தான் பழி. ஆனால் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்கும் செல்களை அது தூண்டுவதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. கழிவுநீரில் போன பொருள்!

ஈரமாக மூடிவைத்த காயத்தில், பொருக்குத் தட்டியதைவிட வேகமாகப் புதுத்தோல் வளர்கிறது என்று 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் காட்டினார். பட்டுப் படலம் அந்த ஈரத்தைக் காக்கும், காற்றையும் விடும், செல்கள் பற்றிப் படரத் தளமும் தரும்.

சரி, அப்பாவின் கால். ரத்த ஓட்டம், சர்க்கரை, கிருமித்தொற்று, புண்ணின்மேல் விழும் உடல் எடை, இவற்றைக் கவனிக்காமல் எந்தப் படலமும் ஆற்றாது. மருத்துவரிடம் முதலில் இவற்றைத்தான் கேளுங்கள். பட்டுத் துணியை வெட்டி வீட்டிலேயே கட்டிவிடாதீர்கள். பாதம் மரத்துப்போயிருந்தால் அவருக்கு வலியே தெரியாது. அதனால் தினமும் நீங்களே பாருங்கள். கறுப்போ நாற்றமோ காய்ச்சலோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.