ஆசானிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. சிலம்பம் பழகத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் காலடியும் கம்பு சுற்றுவதும்தான். பக்கத்துத் தெரு வகுப்பில் அதற்குள் சுருள்வாள் வீசுகிறார்கள், சாதனைச் சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். அங்கே மாற்றிவிடலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. ஐந்து மாதத்தில் பத்து வயதுப் பிள்ளை கையில் சுருள்வாளைக் கொடுக்கிறவரை நினைத்தால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. வளைகிற இரும்புத் தகடு அது. கால் இடம் மாறினால் வீசுகிறவர் உடம்பையே கீறும். காலடி ஊறிய பிறகுதான் கம்பே பேச்சைக் கேட்கும், வாள் எங்கே கேட்பது?

ஒருநாள் சாயங்காலம் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்கக் கூடாது என்று சொல்கிற ஆசானிடம் பிள்ளையை விடாதீர்கள். அவர் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். உங்கள் மகளின் பாதம் திரும்பியிருப்பதைக் கண்டு நிறுத்துகிறாரா? வலக்கை, இடக்கை இரண்டிலும் சுற்ற வைக்கிறாரா? கம்பு அவள் நெற்றி உயரத்துக்கு இருக்கிறதா, அல்லது பெரியவர்கள் கம்பையே கொடுத்துவிட்டாரா? பிள்ளைகளுக்கு நடுவே கம்பு வீச்சுக்கு இடம் விட்டு நிறுத்துகிறாரா? இதெல்லாம் நீங்கள் உரிமையோடு எதிர்பார்க்கலாம். அதட்டலாம், அது களத்து வழக்கம். கம்பால் அடித்தால் மறுநாளே கூட்டி வந்துவிடுங்கள்; 'எங்கள் காலத்தில் அப்படித்தான்' என்ற சமாதானமெல்லாம் செல்லாது.

சான்றிதழ் விஷயம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நல்ல சேதிதான். ஆனால் நூறு பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு தொகை வசூலித்து 'உலக சாதனை' என்று தாள் கொடுப்பது வேறு வியாபாரம். பணம் கட்டும் முன், எந்தச் சங்கம் நடத்துகிறது, அதற்கு அரசு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்வாரா என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. பிள்ளை போனைக் கீழே வைப்பதில்லை, சாப்பிடுவதில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று ஆசானிடம் பட்டியல் நீட்டும் பெற்றோர் நிறைய. வாரத்தில் இரண்டு மணி நேரம் பார்க்கிறவரிடம் அதைக் கேட்காதீர்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்று மகள் சொன்னால் மட்டும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிடி தவறாக இருக்கலாம், பார்த்துச் சரிசெய்ய வேண்டியது அவர் வேலை.